உட்கார்ந்து பார்க்கிறவர்

அந்தக் கடைவீதியில் சோபாக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். சோபா தைக்கும் கடை இன்னும் இரண்டு உண்டு. அவர்களைப் பலகையில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவரை மட்டும் சோபாக்காரர். கனத்த உடம்பு, அகலமான முதுகு, கடைவாயில் எப்போதும் இரண்டு ஆணி. ஆணி அடிக்கிற காலம் போய் ஸ்டேப்ளர் வந்து எவ்வளவோ வருஷமாகியும் வாய்க்கு அந்தப் பழக்கம் விடவில்லை. பேச வேண்டியிருந்தால் ஆணியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவார். அதனால் அவர் அன்பாகப் பேசினாலும் திட்டுவதுபோல்தான் கேட்கும். பெரும்பாலும் திட்டத்தான் செய்வார் என்பது வேறு விஷயம்.

அவர் கடையில் ஒரு முறை உண்டு. வேலை முடிந்த எந்தச் சோபாவும் அவர் உட்கார்ந்து பார்க்காமல் வாசல் தாண்டாது. விருந்தாளி மாதிரி நாசூக்காக நுனியில் உட்காருவது அல்ல. சோபாவுக்கு முதுகைக் காட்டி நின்று, தொப்பென்று முழு எடையையும் போட்டு விழுவார். விழுந்த பிறகு கொஞ்ச நேரம் அசையமாட்டார், காது மட்டும் வேலை செய்யும். அப்புறம் எடையை இடப்பக்கம் தள்ளுவார், வலப்பக்கம் தள்ளுவார். ஸ்பிரிங் எங்கே முனகுகிறது, அடியில் இழுத்துக் கட்டிய பெல்ட் எங்கே தொய்கிறது, ஸ்பாஞ்சைத் தாண்டிக் கட்டை எங்கே தட்டுகிறது எல்லாம் அவருக்கு அங்கிருந்தே தெரிந்துவிடும். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "போகட்டும்" என்றால் வண்டியில் ஏற்றலாம். "இறக்கு" என்றால் இழுத்துத் தைத்த துணியை மறுபடியும் உரிக்க வேண்டும், யார் கெஞ்சினாலும் சரி.

"எங்க மாமாவோட பின்பக்கத்துக்குத்தான் முதல்ல இன்ஷூரன்ஸ் எடுக்கணும்" என்று அவருடைய மைத்துனன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. கடையில் பாதிப் பங்கு அவனுக்கு. பில் போடுவது, துணி வாங்குவது, வண்டி ஓட்டுவது, வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. உட்காருவது மட்டும் இவர் பொறுப்பு.

அப்படிப்பட்ட மனிதர் ஆபரேஷனுக்குப் பிறகு, பல மாதமாக, கடையில் எதிலும் உட்காரவில்லை.

மூத்திரத்தில் ரத்தம் வந்தது. போய்க் காட்டினார். புற்று என்றார்கள், மூத்திரப் பையோடு எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். எடுத்த இடத்தில், அவருடைய சிறுகுடலிலேயே ஒரு துண்டை வெட்டி, மடித்துத் தைத்து, புதுப் பை ஒன்று செய்து வைத்தார்கள். இதைக் கேட்டபோது சோபாக்காரருக்கு அந்த டாக்டர்மேல் பெரிய மரியாதை வந்தது. ஒரு துணியில் மிச்சம் பிடித்து இன்னொரு துணிக்கு ஒட்டுப் போடுவதே லேசுப்பட்ட வேலை இல்லை. இவர்கள் ஆளுக்கு உள்ளேயே அதைச் செய்திருக்கிறார்கள். தையலும் சுத்தம், புற்றும் போயே போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

புதுப் பைக்குக் கூப்பிடத் தெரியாது என்பதுதான் அவருக்குப் புரியாமல் போனது. சொன்னார்கள், இவர் காதில் ஏறவில்லை என்று மனைவி சொல்வாள். பழைய பை நிறைந்தால் கூப்பிடும், காத்திருக்கும், மறுபடியும் கூப்பிடும். இது குடல். அதற்கு அந்த நாகரிகம் எல்லாம் தெரியாது. நிறைந்தால் அடிவயிறு ஏதோ கனமாக இருப்பதுபோல் இருக்கும், அதுவும் கவனித்தால்தான். கவனிக்காவிட்டால் தொடை நனைந்திருக்கும். இருமினால் நனைந்தது. குனிந்து ஆணி பொறுக்கினால் நனைந்தது. கோபம் வந்து ஒரு சத்தம் போட்டால் நனைந்தது. கோபம் மூக்கின்மேல் இருக்கிற மனிதரை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா? திட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் ஓடினார். கடையில் இருந்தவர்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். பழகிக்கொண்டதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

எரிச்சலைச் சொல்லவும் வழியில்லை. யாரிடம் வாய் திறந்தாலும் ஒரே பதில் வந்தது. "உயிர் தப்பிச்சதே பெருசு. அது போதாதா?" பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். வண்டி பழுது பார்க்கிறவர் சொன்னார். தொலைபேசியில் சொந்தக்காரர்கள் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். சொல்கிறவர்கள் எல்லோரும் காய்ந்த துணியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். போதாது என்று சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

வீட்டில் கட்டில் அவரே செய்தது. மெத்தையும் அவர் தைத்ததுதான். அதில் அவர் இப்போது படுப்பதில்லை. கூடத்தில் ஒரு ஸ்பாஞ்சுப் பலகைக்கு ரெக்சின் போர்த்தி, அதன்மேல் துணி விரித்து, ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு தனியாகப் படுத்தார். தூக்கத்தில் பைக்குச் சுத்தமாகக் கடிவாளம் கிடையாது. கடிகாரம் எழுப்பினாலும் நனைந்தது, எழுப்பாவிட்டாலும் நனைந்தது. அவர் மனைவிக்குப் பள்ளிக்கூட உணவகத்தில் சமையல் வேலை, விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். கிளம்பும் முன் அவருடைய துணியை ஊறவைத்துவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கட்டில்ல வந்து படுங்களேன்" என்பாள். "நான் என்ன சொல்லிட்டேன்?"

"நீ ஒண்ணும் சொல்லல. அதான் தாங்க முடியல" என்பார் அவர்.

அவருக்கு ஒரு பழைய சோபா அடிக்கடி ஞாபகம் வந்தது. ஒரு வீட்டில் பழுதுக்குக் கொடுத்தது. அங்கேயே கூடத்தில் வைத்துத் துணியைக் கிழித்து ஸ்பாஞ்சை மோந்து பார்த்துவிட்டு, "இது பூனையும் இல்ல, புள்ளையும் இல்ல. பெருசு ஏதோ செய்த வேலை" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்த வீட்டுப் பெரியவர் ஜன்னல் ஓரமாகத் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார், திரும்பவே இல்லை. இப்போது சோபாக்காரருக்கு அந்த முதுகு மட்டும் அப்படியே தெரிகிறது.

கடையில் அவருக்குப் பதிலாக மைத்துனன் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு எடையே கிடையாது. அவன் உட்கார்ந்தால் ஆள் வந்ததே சோபாவுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் "போகட்டும்" என்றான். போனதில் இரண்டு திரும்பி வந்தன. அதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம் ஒரு மணல் மூட்டை. ஆள் கனத்துக்கு மணலை அள்ளிக் கட்டி, சோபாவின்மேல் தூக்கிப் போட்டான்.

"உங்க வெயிட்டுக்கே கட்டியிருக்கேன் மாமா. இனிமே யாரும் உட்கார வேண்டியதே இல்ல. நீங்களும் நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் நெஞ்சில் தைத்தது. மணல் மூட்டை உட்கார்ந்துவிட்டால் அந்தக் கடையில் சோபாக்காரர் யார்? வழியில் போகிறவர் எட்டிப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

"மூட்டைக்குக் காது இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். நல்ல வேளை, சத்தமாகக் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பயண ஏற்பாட்டு அலுவலகம் வைத்திருக்கும் அம்மா ஒரு பெரிய சோபா செய்யச் சொல்லியிருந்தார். வெண்ணெய் நிறத் துணி, மூன்று பேர் உட்காருவது, அலுவலக முகப்புக்கு. இது சரியாக அமைந்தால் மற்ற கிளைகளுக்கும் இங்கேதான் என்று சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை. "அவர் உட்கார்ந்து பார்த்தாத்தான் எடுத்துக்குவேன். அதுக்காகத்தான் இந்தக் கடைக்கே வந்தேன்."

சோபாக்காரர் உட்காருவது என்று முடிவு செய்தார். கசிவை வாங்கிக்கொள்ள உள்ளே வைப்பதற்கென்று மருந்துக் கடையில் விற்கிற பேடு அவருக்குப் பிடிக்கவில்லை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிரித்துப் போட்டார், உள்ளே இருந்த பஞ்சை விரலால் நசுக்கினார். "காகிதத்தைக் கிழிச்சுப் போட்டு வெச்சிருக்கான். இதுக்குப் பேரு சரக்கா?" வாழ்நாள் முழுக்க ஸ்பாஞ்சோடு குடித்தனம் நடத்தியவருக்கு இதைக்கூடச் செய்யத் தெரியாதா? கடையில் இருப்பதிலேயே அடர்த்தியான ஸ்பாஞ்சை எடுத்தார். அளவாக வெட்டினார். அடியில் மெல்லிய ரெக்சின், மேலே பருத்தித் துணி, சுற்றிலும் விளிம்புக்குப் பீடிங் நாடா வைத்துத் தையல்.

"பீடிங் எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"விளிம்பு பிரியாம இருக்கும்."

சமையலறை மேடைமேல் வைத்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். மொத்தத்தையும் குடித்தது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தூக்கிப் பிடித்தார், அப்போதும் வரவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள் மனைவி. பிள்ளை பெற்றவர்போல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா வந்த அன்று சோபா கடை நடுவில் இருந்தது. மேலே விளக்கு, சுற்றிலும் எல்லோரும். சோபாக்காரர் கால்சட்டையை ஏற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று, பழைய மாதிரியே தொப்பென்று விழுந்தார். காதைத் தீட்டிக்கொண்டார்.

கேட்டது ஸ்பிரிங் சத்தம் அல்ல. காலையிலிருந்து அந்தப் பேடின் ஸ்பாஞ்சு குடித்து வைத்திருந்தது எல்லாம் அவருடைய கனத்தில் பிழியப்பட்டு, பீடிங்கைத் தாண்டி, துணியைத் தாண்டி, சூடாக வெளியே வந்தது. ஸ்பாஞ்சு உறிஞ்சும், அழுத்தினால் கக்கும். இது கடைக்கு வேலைக்குச் சேர்கிற எவருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். உட்கார்ந்து பார்க்காமல் ஒரு முக்காலியைக்கூட வெளியே விடாத மனிதர், இந்த ஒன்றை மட்டும் உட்கார்ந்து பார்க்காமல் வெளியே கொண்டுவந்துவிட்டார்.

எழுந்தார். வெண்ணெய் நிறத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கறை. யார் முகத்திலும் ஈயாடவில்லை. மைத்துனன் கைக்குக் கிடைத்த துணியை எடுத்து அதன்மேல் போட்டான், பிணத்துக்குப் போர்த்துவது மாதிரி. அந்த அம்மா நல்லவர். கூரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்து, "பரவாயில்லைங்க. துணி மாத்திக்கலாம். உயிரோட இருக்கீங்களே, அது போதாதா?" என்றார்.

சோபாக்காரர் அளவெடுக்கும் பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார். பின்னால் பிடிப்பதா முன்னால் பிடிப்பதா என்று யோசித்து யோசித்து, இரண்டு பக்கமும் நனைந்திருந்ததால் முன்னால் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கடைக்குப் போகவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். குடித்தால்தானே வரும்? தொண்டை காய்ந்தால் வாயை நனைத்துத் துப்பினார். கழிப்பறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார், வருவதற்குள் மறுபடியும் சந்தேகம் வந்து திரும்பிப் போனார். மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் அவருடைய சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டு, "போட்டுக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். மூத்திரக் குழாய் வைப்பதும் எடுப்பதும் அவர் வேலை என்பதால் எல்லோரும் அவரைக் குழாய் நர்ஸ் என்றுதான் சொன்னார்கள். அவர் முன்னாலேயே சொன்னார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை தடவை போறீங்க?" என்று கேட்டார் நர்ஸ்.

"பயம் வரும்போதெல்லாம்."

"பயம் எப்ப வரும்?"

"எப்பவும்."

நர்ஸ் பேனாவை வைத்துவிட்டார். "அங்கதான் கெடுத்துக்கறீங்க. உங்களுக்குள்ள இருக்கறது குடல். கொஞ்சம் கொஞ்சமா நிறைஞ்சு நிறைஞ்சுதான் அது பையா விரியும். விரியறதுக்கு முன்னாடியே காலி பண்ணிக்கிட்டே இருந்தா எப்பவும் சின்னதாவே இருக்கும். சின்னதா இருந்தா சீக்கிரம் வழியும். கடிகாரம் பார்த்துப் போங்க. நாங்க சொல்ற இடைவெளி வர்ற வரைக்கும் பொறுங்க. அப்புறம் அந்த இடைவெளியை மெதுவா கூட்டுவோம்."

"வழிஞ்சா?"

"வழியட்டும். துணி துவைக்கலாம். தண்ணி எவ்வளவு குடிக்கறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

"குடலோட வேலையே சளி விடறது. பையாத் தைச்சுட்டோம்னு அதுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு விட்டுக்கிட்டேதான் இருக்கும். தண்ணி குறைஞ்சா அந்தச் சளி கெட்டியாகி வழியை அடைச்சிடும். அப்புறம் சொட்டவே சொட்டாது. நீங்க அலறிக்கிட்டு இங்க வரணும். எது பரவாயில்ல?"

பிறகு எந்தத் தசையை இறுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். காற்றைப் போகவிடாமல் அடக்குகிற மாதிரி, மூச்சைப் பிடிக்காமல். "எல்லாரும் உட்கார்ந்த பிறகு இறுக்கறாங்க. அது வீண். உட்காருறதுக்கு முன்னாடி இறுக்கணும், எழுந்திருக்கறதுக்கு முன்னாடி இறுக்கணும், இருமறதுக்கு முன்னாடி இறுக்கணும்."

மனைவி தன் கைப்பைக்குள்ளிருந்து அவர் தைத்த பேடை எடுத்து மேசைமேல் வைத்தாள். சோபாக்காரர் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. நர்ஸ் அதைக் குழாயடியில் நனைத்தார், பீடிங்கைத் தடவிப் பார்த்தார், கைக்குள் வைத்து ஒரு பிழி பிழிந்தார். தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஓடியது.

"தையல் நல்லா இருக்கு" என்றார். "இதுல உட்கார்ந்து பாத்தீங்களா?"

அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்படியும் தோள் குலுங்கியது. இத்தனை மாதமாக ஊறவைத்த துணிக்கும் சேர்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தும் நிற்கவில்லை. சோபாக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவள் தன் எதிரில் மௌனமாக இல்லாதது ஏனோ கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டு வந்தார். அவளும் பக்கத்தில் நின்றாள்.

"எல்லாரும் போதாதா போதாதான்னே கேக்கறாங்க" என்றார் திடீரென்று. "நான் என்ன பதில் சொல்றது?"

"போதாதுன்னு சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"போதாதுதான். எனக்கும்தான் போதல. பாதிக் கட்டில் காலியாக் கிடக்குது, உயிர் இருக்கு உயிர் இருக்குன்னு நான் தலகாணிய கட்டிக்கிட்டுப் படுக்கணுமா?"

பக்கத்து இருக்கையில் இருந்தவர் காதில் விழுந்திருக்கும். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அன்றிலிருந்து அவர் கட்டிலில்தான் படுத்தார், ரெக்சின் விரிப்போடு. கடிகாரம் அடித்தால் அவளும் சேர்ந்து விழித்து, அவரைத் திட்டிவிட்டுத் தூங்கினாள்.

ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பொறுப்பது நரகம். முள் நகராது. நகருவதற்குள் வழிந்துவிடும். மாற்று, துவை, தண்ணீர் குடி, மறுபடியும் பொறு. இரண்டு நாள் காய்ந்திருந்து, கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால், மூன்றாம் நாள் தெருவில் ஒரு தும்மல் எல்லாவற்றையும் கவிழ்த்தது. சொன்னபடி செய்தும் ஏன் கட்டுக்குள் வரமாட்டேன் என்கிறது என்று டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அடிக்கும் முன் இறுக்க மறந்துவிட்டார். மருந்துக் கடைப் பேடையே வாங்கினார், அதன் தரத்தைத் திட்டிக்கொண்டே வைத்துக்கொண்டார். அது காகிதமானாலும் பிழிந்தால் கக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு ரொம்ப நாள் பிடித்தது. மாதங்கள் போன பிறகு பகலில் இடைவெளி நீண்டது. இரவு மட்டும் இன்றுவரை வசத்துக்கு வரவில்லை.

சோபாவுக்குப் புதுத் துணி மாற்றி, பிளாஸ்டிக் சுற்றி, கடையிலேயே வைத்திருந்தான் மைத்துனன். இனியும் தள்ளிப்போட முடியாது என்று அந்த அம்மாவை வரச் சொல்லியிருந்தான். வண்டி வாசலில் தயாராக நின்றது. சோபாக்காரர் உள்ளே நுழைந்தபோது சோபாவின் நடுவில் மணல் மூட்டை கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருந்தது.

"பாத்தாச்சு மாமா" என்றான் அவசரமாக. "நல்லா இருக்கு. நீங்க சிரமப்பட வேண்டாம்."

"தூக்கு அதை."

"மாமா, மறுபடியும்..."

"தூக்குடா."

தூக்கினான். அவன் கண் துணி இருக்கும் அலமாரிப் பக்கம் ஒரு தடவை போய்வந்தது. சோபாக்காரர் அதைப் பார்த்தார். முதுகைக் காட்டி நின்றார். இந்தத் தடவை உடனே விழவில்லை. முதலில் இறுக்கினார். அப்புறம் தொப்பென்று விழுந்தார்.

ஒன்றிரண்டு சொட்டு போனது அவருக்குத் தெரிந்தது. காகிதப் பேடு அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. அவர் அசையாமல் காதைத் தீட்டினார். வலப்பக்கம் தள்ளினார், ஒன்றுமில்லை. இடப்பக்கம் தள்ளினார். உள்ளே, அடியில், ஒரு ஸ்பிரிங் கட்டையில் 'டக்' என்று தட்டியது.

"இறக்கு" என்றார்.

"மாமா, வண்டி நிக்குது. மூட்டை போட்டப்போ ஒரு சத்தமும் வரல."

"மூட்டை இடப்பக்கம் சாயாது. மனுஷன் சாய்வான். இறக்கு."

அந்த அம்மா சமாதானமாகச் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. நல்லாத்தான் இருக்கு, இது போதும்."

"உங்களுக்குப் போதும்மா" என்றார் சோபாக்காரர். "எனக்குப் போதாது."

மைத்துனன் அவரை முறைத்தான். பிறகு வாசலுக்குப் போய் வண்டியை அணைத்துவிட்டு, ஸ்டேப்ளர் பின் பிடுங்குகிற கொறடோடு திரும்பி வந்தான். "எந்திரிங்க. நீங்க மேல உட்கார்ந்திருந்தா நான் எப்படி இறக்கறது?"

அவர் இறுக்கிக்கொண்டு எழுந்தார். மைத்துனன், அந்த அம்மா, ஓரத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர்கள், எல்லோருடைய கண்ணும் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனது. அவரும் திரும்பிப் பார்த்தார். வெண்ணெய் நிறத்தில் அவருடைய கனத்தின் குழி மட்டும் இருந்தது. அதுவும் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. துணி காய்ந்திருந்தது.

"அங்க என்ன பார்வை?" என்றார் சோபாக்காரர், ஆணியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "தட்டற ஸ்பிரிங் இடப்பக்கம் இருக்கு."